டேட்டா பித்தர்களுக்கு என்ன பரிசு கொடுப்பது?

எக்ஸெலைத் திறந்து உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகிற ஆள் ஒருவராவது எல்லார் வீட்டிலும் இருப்பார். கரண்ட் பில்லுக்கு கிராஃப் போடுவார், கிரிக்கெட்டில் ஸ்கோரைவிட, எந்தப் பக்கம் எத்தனை ரன் என்று காட்டும் வேகன் வீலை உற்றுப் பார்ப்பார். ஆண்டுக் கடைசியில் இவருக்குப் பரிசு தேடி ஆன்லைனில் இறங்கினால் பை சார்ட் அச்சடித்த காபி கோப்பை, பெல் கர்வ் போட்ட டிஷர்ட் என்று ஒரே ரகமாகக் கொட்டும். வேண்டாம். கோப்பையில் இருக்கும் சதவீதங்களைக் கூட்டிப் பார்த்து ‘103 வருதே’ என்று கேட்கிற கூட்டம் இது. இவர்களுக்குத் தேவை நிஜமான எண்கள். அதுவும் சொந்த ஊர் எண்களாக இருந்துவிட்டால் அன்று முழுக்க வேறு பேச்சே இருக்காது.

குறைந்த செலவில் நிறைய நாள் பேச வைக்கும் பரிசு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. மாவட்டத்துக்கு இரண்டு பாகம். முதல் பாகத்தில் எந்தக் கிராமத்தில் பள்ளி, தபால் ஆபீஸ், பஸ், குடிநீர் வசதி உண்டு என்ற விவரம். இரண்டாம் பாகத்தில் ஊர்வாரியாக வீடுகள், ஆண், பெண், 6 வயது வரையிலான குழந்தைகள், படித்தவர்கள், விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள் எண்ணிக்கை. இரண்டும் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கையேடு பல நூறு பக்கம் போகும், அதனால் அவர் ஊர் இருக்கும் தாலுகாவை மட்டும் பிரிண்ட் எடுத்து, முன்னால் தாலுகா வரைபடத்தை வைத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டால் போதும். ஜெராக்ஸ் கடையில் முடிந்துவிடும் வேலை.

ஆனால் தேடும்போது சில இடங்களில் இடறும். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான், இப்போது 38. தென்காசிக்காரருக்குத் தேடினால் திருநெல்வேலிக் கையேட்டில் பார்க்க வேண்டும், மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள் இருக்கும். அடுத்தது ஊர்ப்பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் எழுதுவது போல இருக்காது என்பதால் பிடிஎஃப்பில் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், தாலுகாப் பட்டியலில் வரிசையாகக் கண்ணை ஓட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால் அது ரெவின்யூ கிராமமாக இல்லாமல், வேறொரு கிராமத்தின் கணக்கில் சேர்ந்த குக்கிராமமாக இருக்கும். பட்டா எந்தக் கிராமத்தின் பெயரில் வருகிறதோ அந்தப் பெயரைத் தேடினால் அகப்படும். இன்னொன்று: ஒரு வசதி ஊரில் இல்லையென்றால், அது இருக்கும் இடத்தின் தூரத்தை எழுத்தால் குறித்திருப்பார்கள். ஏ என்றால் 5 கிலோமீட்டருக்குள், பி என்றால் 5 முதல் 10, சி என்றால் 10க்கு மேல். இந்த விளக்கப் பக்கத்தையும் சேர்த்து பைண்ட் செய்யாவிட்டால் அட்டவணை வெறும் எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

சுவரில் மாட்டுகிற மாதிரி வேண்டுமென்றால் மழைக் கோடுகள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் பிரபலமாக்கிய வெப்பக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு, எக்ஸ்-ஒய் அச்சுக்கோடு இல்லை, எண் இல்லை. நம் ஊருக்கு அதையே மழைக்குப் போட்டால் இன்னும் ருசி. வெப்பக் கோடு எந்த ஊருக்குப் போட்டாலும் கடைசியில் சிவப்பாகத்தான் முடியும். வடகிழக்குப் பருவமழை அப்படி இல்லை, ஓர் ஆண்டு கொட்டும், மறு ஆண்டு கைவிடும். பெரியவர்கள் சொல்லும் பஞ்ச வருடம் எது, வெள்ள வருடம் எது என்று கோட்டைத் தொட்டுக் காட்டலாம்.

தரவு இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. தினசரி மழை 1901 முதல், கால் டிகிரி அட்சரேகை-தீர்க்கரேகைக் கட்டங்களாக. பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் ஐஎம்டிலிப் (imdlib) என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள், கோப்புகளை இறக்குவதும் படிப்பதும் சில வரிகளில் முடியும். அந்த ஊர் விழும் கட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையை ஆண்டுதோறும் கூட்டி, சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டு, குறைவுக்குப் பழுப்பும் அதிகத்துக்கு நீலமும் கொடுங்கள். சராசரி வெள்ளையாக இருக்கட்டும்.

கெடுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டே இடத்தில். முதலாவது, தரவு இல்லாத இடத்தில் -999 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்காமல் கூட்டினால் மொத்தமும் பாழ். கடலோர ஊர்களுக்கு இது சகஜம்: நாகப்பட்டினத்துக்கு அருகில் என்று நீங்கள் எடுத்த கட்டம் கடலுக்குள் இருக்கலாம், அப்போது ஒரு கட்டம் மேற்கே தள்ளி எடுக்க வேண்டும். இரண்டாவது, ஒரே ஒரு பெருவெள்ள ஆண்டு வண்ண அளவுகோல் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மற்ற ஆண்டுகளெல்லாம் வெளுத்துப்போகும். மேலும் கீழும் 2 சதவீதத்தை வெட்டி, அதைத் தாண்டியவற்றுக்குக் கடைசி வண்ணத்தையே கொடுத்தால் சரியாகும். கால் டிகிரி என்பது சுமார் 27 கிலோமீட்டர் சதுரம். ஆகவே படத்தின் கீழே தெருப் பெயரெல்லாம் போடாதீர்கள், ‘திருவாரூர் வட்டாரம்’ என்று போடுங்கள். பரிசைப் பெறுகிறவர் இதைக் கட்டாயம் கேட்பார்.

அச்சுக்கு ஏ3 தாளைப் படுக்கையாக வைத்தால் அகலம் 420 மிமீ. இரு பக்கமும் 20 மிமீ விட்டால் மிச்சம் 380. 1901 முதல் 2024 வரை 124 கோடுகள், கோட்டுக்கு 3 மிமீ வருகிறது. கச்சிதம். அவர் பிறந்த ஆண்டின் கீழே சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். கடைக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் பிடிஎஃப்பாகக் கொடுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நீலம் தாளில் மங்கும், அதனால் முதலில் ஏ4 அளவில் ஒன்று அடித்துப் பார்த்துவிடுங்கள். பளபள லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பாதிக் கோடுகள் காணாமல் போகும். பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் அட்டை கேளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி நேராகப் பட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

வெளியில் போய்த் தாமே அளக்க விரும்புகிறவருக்கு மழைமானி. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குழாய்களைவிட நீங்களே செய்து கொடுப்பது துல்லியமாக இருக்கும், செலவும் சொற்பம். ஒரு புனல், 5 லிட்டர் கேன், 100 மில்லி அளவுக் குடுவை, ஒரு நோட்டு. சூத்திரம் ஒன்றுதான்: புனல் வாயின் விட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து வர்க்கமாக்கி 0.0785ஆல் பெருக்கினால், 1 மிமீ மழைக்கு எத்தனை மில்லி என்று வரும். விட்டம் 11.3 செமீ என்றால் 10 மில்லிக்கு 1 மிமீ, மனக்கணக்காகவே போட்டுவிடலாம். 15 செமீ என்றால் 17.7 மில்லி.

சமையலறைப் புனல் ஆழமில்லாதது, பெரிய துளி விழுந்தால் வெளியே தெறிக்கும். அதனால் மேலே 10 செமீ உயரத்துக்கு ஒரு பிவிசி பைப் துண்டை ஒட்டிவிடுவது நல்லது. ‘110 பைப்’ என்று கடையில் கேட்டு வாங்கி, விட்டம் 11 செமீ என்று கணக்குப் போட்டுவிடுவார்கள் பலர். 110 என்பது வெளிவிட்டம். சுவரின் தடிமன் போக உள்ளே 10.4 செமீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது 1 மிமீக்கு 8.5 மில்லி, நீங்கள் வகுப்பதோ 9.5ஆல். மழையைப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, மில்லிக் கணக்கைக் கேனிலேயே மார்க்கரால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேன் ஏன் 5 லிட்டர்? 2 லிட்டர் பாட்டில் 200 மிமீயில் நிரம்பிவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 490 மிமீ. அந்த மழையைப் பிடிக்க 10 மில்லிக் கணக்கில் 4.9 லிட்டர் வேண்டும். எந்த மழையை அளக்க ஆசைப்பட்டு மானி வைக்கிறோமோ, அன்றைக்குத்தானா அது வழிந்து ஓட வேண்டும்?

கூடவே ஒரு துண்டுச் சீட்டில் இவற்றையும் எழுதி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும், வானிலைத் துறையின் நேரமும் அதுதான். 8.30க்கு எடுத்த அளவு அன்றைய தேதியில் பதிவாகும், நேற்று பகலில் கொட்டிய மழையும் அதில் சேர்த்தி. இது புரியாமல் செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளித் தள்ளியே நிற்கும். புனல் வாய் தரையிலிருந்து 30 செமீ உயரத்தில் இருக்கட்டும். பக்கத்துச் சுவர் 3 மீட்டர் உயரமென்றால் மானி குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பால்கனி உதவாது. மொட்டைமாடி பரவாயில்லை, ஆனால் காற்றில் கொஞ்சம் குறைத்தே பிடிக்கும். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு வளர்க்கும் பாவம் நம் தலையில்.

பழைய சார்ட்டுகளின் அச்சுப் பிரதிகளும் நல்ல பரிசுதான், அளவைக் கவனித்தால். 1869இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார் வரைந்த நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்புச் சார்ட் எல்லோருக்கும் தெரிந்ததே. படைவீரர் எண்ணிக்கைதான் அதில் பட்டையின் அகலம், அதன் குறிப்பிலேயே ‘10,000 பேருக்கு ஒரு மில்லிமீட்டர்’ என்று அளவு எழுதியிருக்கிறது. அன்றைய ரஷ்ய எல்லையான நீமன் நதியைக் கடக்கும் 4,22,000 பேர் 42 மிமீ பட்டை, திரும்பி வரும் 10,000 பேர் ஒரே ஒரு மிமீ. ஏதோ ஓர் அளவில் பெரிதாக்கி அடித்தால் அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். தொடக்கப் பட்டை 42 மிமீ வருகிற மாதிரி அச்சடிக்கச் சொல்லி, கூடவே ஒரு ஸ்கேலும் கொடுங்கள், மனுஷர் உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பார். அசல் தாளில் மேலே கார்தேஜ் தளபதி ஹன்னிபால் படையெடுப்பின் சார்ட்டும் உண்டு, விற்பனைப் பிரதிகள் பலவற்றில் அதை வெட்டியிருப்பார்கள். கீழே உள்ள குளிர் அளவு செல்சியஸ் அல்ல, ரேயோமூர் என்ற பழைய வெப்ப அளவு: -30 என்பதை 1.25ஆல் பெருக்கினால் -37.5 செல்சியஸ். சென்னைக்காரர் என்றால் நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த இந்திய முக்கோண அளவைப் படத்தையும் யோசிக்கலாம். 1802இல் வில்லியம் லாம்டன் அதன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது பரங்கிமலைப் பக்கம்தான்.

கைவேலை வருமென்றால் வெப்ப மாலை. குளிர் நாடுகளில் தினசரி வெப்பநிலைக்கு ஒரு வரிசை என்று கம்பளிச் சால்வை பின்னுவார்கள். நமக்குக் கம்பளி எதற்கு, மணி கோக்கலாம். நாளுக்கு ஒரு மணி. 4 மிமீ மணிகள் 365 கோத்தால் 146 செமீ, இரண்டு சுற்றாகக் கழுத்தில் போடலாம். சென்னையின் அதிகபட்ச வெப்பநிலைக்கு 26 முதல் 42 டிகிரி வரை இரண்டிரண்டு டிகிரியாக எட்டு வண்ணம் போதும், அதற்கு வெளியே போகும் நாட்களைக் கடைசி வண்ணங்களில் சேர்த்துவிடலாம். முதலில் எக்ஸெலில் வண்ணவாரியாக நாட்களை எண்ணிவிட்டுக் கடைக்குப் போங்கள். நடு வண்ணங்கள்தான் ஏராளமாகத் தேவைப்படும், பாதியில் தீர்ந்துபோய் மறுபடி வாங்கினால் சாயம் அதே மாதிரி அமையாது. தங்கூஸ் நரம்பில் கோத்து, மாத முடிவில் ஒரு வெள்ளி மணி வைத்தால் படிப்பதற்குச் சுலபம். சிவப்பு, பச்சை இரண்டையும் எதிரெதிர் முனைகளாக வைக்காதீர்கள், ஆண்களில் கணிசமான பேருக்கு அவை பிரித்தறிய வராது. நீலத்தில் தொடங்கி ஆரஞ்சில் முடியுங்கள்.

சால்டரிங் வைப்பவருக்கு கிண்டிலில் இருப்பது போன்ற 7.5 அங்குல இ-பேப்பர் திரையும், அதை இயக்க வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற குட்டி போர்டும். 800க்கு 480 புள்ளிகள், மேசை மேல் வைக்க அளவான சார்ட் பலகை. மூவண்ணத் திரை வாங்காதீர்கள், ஒவ்வொரு முறை மாறும்போதும் பல விநாடிகள் மினுக்கிக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளையே நிம்மதி. போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இணையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தமிழில் தலைப்பு வேண்டுமென்றால் போர்டில் நேரடியாக எழுத முயலாதீர்கள், வழக்கமான நிரல் தொகுப்புகளுக்குக் கொம்பும் காலும் சேர்க்கத் தெரியாது, ‘கொ’ உடைந்து சிதறும். கணினியிலோ சர்வரிலோ முழுப்படமாக வரைந்து அனுப்புவதுதான் வழி.

புத்தகம் கொடுப்பதாக இருந்தால் காகிதத்தில் கொடுங்கள். சார்ட் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளைக் கிண்டிலில் படிக்கச் சொல்வது தண்டனை.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். மழைமானியை டிசம்பர் கடைசியில் கொடுத்தால் பருவமழை முடிந்திருக்கும், காலிக் கேனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதை ஆயுத பூஜைக்கே கொடுத்துவிடுங்கள். மழைக் கோடுகளை நவம்பரிலேயே அச்சுக்குக் கொடுத்தால் நல்லது, டிசம்பரில் அச்சகங்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும். வெப்ப மாலையின் கடைசி மணி என்ன நிறம் என்று டிசம்பர் 31க்குப் பிறகுதான் தெரியும், ஆகவே அது பொங்கலுக்கு.