நாலு மணிப் பசியை எந்தக் கட்டத்தில் போடுவது?

என்னிடம் மனைப்பொருளியல் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது பல்கலைக்கழகத்தில் போசாக்கு பற்றி ஆய்வு செய்கிறாள். கட்டிளம் பருவத்துப் பிள்ளைகளின் பசியையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் வினாக்கொத்தால் அளப்பதுதான் அவளுடைய வேலை. "ரீச்சர், உங்கட தரம் பத்துப் பிள்ளைகளிட்ட ஒருக்காக் குடுத்துப் பாப்பமே" என்று கட்டுத் தாளோடு வந்து நின்றாள். பசியைத் தாளில் எப்படித்தான் அளக்கிறார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.

இதற்கென்று பெயர் பெற்ற வினாக்கொத்துகள் சில உண்டு. 1986இல் நெதர்லாந்தில் வந்ததில் 33 கேள்விகள். மனம் சரியில்லாதபோது சாப்பிடுகிறாயா, வாசனை இழுத்தால் சாப்பிடுகிறாயா, வேண்டுமென்றே குறைத்துச் சாப்பிடுகிறாயா என்று மூன்று பக்கமாகக் கேட்கும். 2001இல் லண்டனில் ஜேன் வார்டில் குழுவினர் செய்தது குழந்தைகளுக்கானது, 35 கேள்விகள், பதில் சொல்வது பெற்றோர். அதே வழியில் 2016இல் வளர்ந்தவர்களுக்கு ஒன்று வந்தது. அதிலும் 35தான், ஆனால் அவரவரே நிரப்ப வேண்டும். பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அம்மாவைக் கேட்பதா, பிள்ளையைக் கேட்பதா?

வீட்டில் இரண்டையும் செய்து பார்த்தேன். மகனைப் பற்றி நான் ஒன்று நிரப்பினேன், அவன் தனக்கென்று ஒன்று நிரப்பினான். 'சாப்பாடு முடியுமுன்பே வயிறு நிறைந்துவிடும்' என்ற இடத்தில் நான் 'எப்போதும்' என்று போட்டேன். அவனோ 'உடன்பாடில்லை' என்று போட்டிருக்கிறான். கேட்டால் சிரிக்கிறான். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், இரண்டரைக்கு ரியூஷன். நடுவில் ஒரு ரோல்ஸ், முடிந்து வரும்போது இரண்டு பற்றிஸ், சிநேகிதன் காசு என்றால் பிளேன்ரீயும். இருட்டின பிறகு வந்து என் புட்டையும் மீன்குழம்பையும் கிளறிக்கொண்டிருப்பதைத்தான் நான் காண்கிறேன். என் தாளில் இருப்பது இரவுச் சாப்பாடு மட்டும்.

'தட்டில் சாப்பாட்டை மிச்சம் வைப்பேன்' என்பது இன்னொன்று. வயிறு நிறைந்ததை உணர்கிறதா என்று பார்க்கும் கேள்வி அது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அம்மம்மா. அளவும் அவர் கையில், மிச்சம் வைத்தால் ஏச்சும் அவரிடமே. வெறும் தட்டு பிள்ளையின் வயிற்றைக் காட்டுமா, அம்மம்மாவின் குரலைக் காட்டுமா? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அம்மம்மா உண்டுதான். ஆனாலும் திருகோணமலையில் எங்கள் மட்டிக்களிப் பக்கத்து வீடுகளில் தானே போட்டுச் சாப்பிடும் பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

நெதர்லாந்துக்காரரின் ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: பேக்கரியைக் கடந்து போகும்போது ஏதாவது வாங்கத் தோன்றுமா? இங்கே நாங்கள் பேக்கரியைக் கடப்பதில்லை, பேக்கரி எங்களைக் கடக்கிறது. பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது, புத்தகத்தை மூடாத பிள்ளை எது? அந்தக் கேள்வி மட்டும் எங்கள் ஊருக்கு ஒட்டாமல் போகாது.

வகுப்பில் கொடுத்தபோது நடந்தது வேறு கதை. கடைசி வாங்கில் இரண்டு பெடியன்கள் நடுக் கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் புள்ளடி போட்டுவிட்டு முதலில் எழும்பினார்கள். பெண்பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்த்துவிட்டுத் தங்கள் புள்ளடியை அழித்தார்கள், அதுவும் கவலையாக இருந்தால் கூடச் சாப்பிடுவேன் என்ற இடத்தில். உடம்பைப் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அந்த வயதில் பெரிது. குறைத்துச் சாப்பிடுவது பற்றிய கேள்விகளைப் இந்த வயதுப் பிள்ளைகளிடம் வகுப்பில் வைத்துக் கேட்பதில் எனக்கு விருப்பமே இல்லை. அதை அவளிடமும் சொன்னேன்.

2016 வடிவத்தில் பசிக்கென்றே ஒரு பிரிவு உண்டு: வயிறு இரைகிறதா, சாப்பாடு பிந்தினால் தலை சுற்றுகிறதா என்று. பிறகு கட்டிளம் பருவத்தினரிடம் சரிபார்த்தபோது, அந்தப் பிரிவை எடுத்துவிட்ட ஏழு பிரிவு வடிவம்தான் நன்றாகப் பொருந்தியதாம். எனக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. சாப்பாட்டில் ஆசை, நொட்டை சொல்வது, மெதுவாகச் சாப்பிடுவது எல்லாம் பிள்ளையின் குணத்தோடு வருபவை. பசி அப்படியில்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதோடு வருகிறது.

அடுத்து மூதூர்ப் பக்கம் கொடுக்கப் போகிறாளாம். நோன்பு மாதத்தில் வேண்டாம், வாங்கில் ஒருவரை விட்டு ஒருவரை இருத்து என்றேன். தாளின் மேலே 'கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாய்' என்று ஒரு வரி சேர்க்கவும் சொன்னேன்.

"மூலத்தில அது இல்லையே, ரீச்சர்."

"புள்ளியில சேர்க்காத பிள்ளை, தனியாப் போடு."

மேற்பார்வையாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறாள்.