சுண்டாதே, அழுத்து

வெளிநாட்டுக்கு வந்து கைத்துப்பாக்கி சுடப் பழகப் போன இடத்தில், பத்துக் குண்டில் எட்டு, நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் கூட்டமாக விழுந்திருந்தன. பயிற்சி தரும் அம்மா குறி அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "பக்கத்தில் சுடுகிறவருடைய அட்டையையா குறிபார்த்தீர்கள்?" என்று கேட்டார். கிண்டல்கூட இல்லை, நிஜமான சந்தேகம். சுருக்கென்றது. கல்லூரியில் என்சிசியில் இருந்தவன் என்று வந்த ஐந்தாவது நிமிடமே பீற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கே சுட்டது பாயிண்ட் டூ டூ ரைஃபிள். குப்புறப் படுத்து, தோளில் அண்டக் கொடுத்து, மூச்சை அடக்கி. விரல் கொஞ்சம் தப்பு செய்தாலும் ரைஃபிளின் கனமும் நீளமும் காப்பாற்றிவிடும். கைத்துப்பாக்கிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. குறிபார்க்க அதன் மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான். முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். போதாததற்கு, என் கையிலிருந்த 9 எம்எம் துப்பாக்கி தோட்டாவோடு சேர்த்தும் ஒரு கிலோ வராது. அதன் ட்ரிக்கரை இழுக்கவோ இரண்டரை கிலோ அழுத்தம் வேண்டும். விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, துப்பாக்கியும் அந்தப் பக்கம் போய்விடும்.

அந்த அம்மா என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் காட்டினார். வலக்கைக்காரர் விரல் நுனியால் இழுத்தால் ட்ரிக்கர் நேராகப் பின்னால் வராமல் துப்பாக்கியை இடப்பக்கம் தள்ளும். முதல் கணு வரை நுழைத்தால் வலப்பக்கம் இழுக்கும். ரேகை சுழிக்கும் சதையின் நடுவில் வை என்றார். கை சின்னதா பெரிதா என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். ட்ரிக்கர் கனமாக இருக்கும் ரிவால்வரில் கணு மடிப்பிலேயே வைப்பவர்களும் உண்டு. எங்கே வைத்தாலும் அது நேராகப் பின்னால் வரவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு நுனி விரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். வேறெங்கே, கேரம்! அண்ணனோடு விடுமுறை முழுக்க நகக்கண் வலிக்க வலிக்கச் சுண்டிய விரல் இது. ட்ரிக்கரையும் சுண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பழியை விரல் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. ஒருநாள் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் சேர்த்து வைத்தார் அந்த அம்மா. குண்டு வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் முனை குபுக்கென்று கீழே குனிந்தது. சத்தத்துக்கு முன்பே பயந்திருக்கிறேன். அதைப் பார்த்தபோது வந்த வெட்கம் இருக்கிறதே!

அப்புறம் வீட்டுப் பயிற்சி. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முன்குறிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் ட்ரிக்கரை அழுத்த வேண்டும். பெட்டி ஓரத்தில் கிடந்த ஊர்க்காசைத்தான் வைத்தேன். முதல் வாரம் முழுக்க அது தரையில்தான் கிடந்தது. குனிந்து எடுக்கும்போதெல்லாம் கேரம் பலகையில் கொட்டும் பவுடர் வாசனை ஞாபகம் வரும். மூன்றாம் மாதம் காசு அசையவில்லை. அட்டையிலும் ஓட்டைகள் நடுவுக்கு வந்துவிட்டன. சரி, இந்த நாடு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் பலகையை எடுத்துப் போட்டான். ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்த்தேன். அது பாதி தூரம்கூடப் போகவில்லை.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "என்னடா, சுண்டச் சொன்னா தள்ளுற?"