தண்ணீர் வராத ஊருணிகள்

செட்டிநாட்டில் ஊருணி தூர்வாரப் பணம் இப்போது பெரிய பிரச்சினையே இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊர்ப்பிள்ளைகள் அனுப்புகிறார்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியும் வருகிறது. ஜேசிபி வந்து இறங்கினால் சில நாளில் குழி தயார். கம்பிவேலி, நடைபாதை, சோலார் விளக்கு, உபயதாரர் பெயரோடு கல்வெட்டு, எல்லாம் வந்துவிடும். தண்ணீர் மட்டும் வராது.

காரைக்குடி வட்டாரத்தில் சைட் என்ஜினியராக இந்த வேலைகளைத்தான் பார்த்துவருகிறேன். வற்றாத ஆறு என்று இங்கே ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைச் செம்மண் மேட்டிலிருந்து வரத்துக்கால் (நீர் வரும் கால்வாய்) வழியே இறக்கி, கண்மாயிலும் ஊருணியிலும் நிறுத்திப் பிழைத்த சீமை. வீட்டுக்குள்ளும் வளவில் (நடுமுற்றத்தில்) விழும் மழையை அண்டா வைத்துப் பிடித்தார்கள். 2003-ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் ஆச்சிகளுக்கு அது புதுச் செய்தியாகவே படவில்லை.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வேலை. செம்புராங்கல் படித்துறை கலையாமல் அழகாக இருந்தது. கரையில் லெவல் கருவியை நிறுத்தி, வரத்துக்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கிப் போனேன். தார்ச்சாலையில் முட்டியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை கரை மாதிரி உயர்ந்துவிட்டது. (சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு சொல்லிவிட்டது. கிராமத்துச் சாலைக்கு அது வந்துசேர நாளாகும்போல.) அடியிலிருந்த குழாய்ப்பாலத்தின் வாயில் முக்கால்வாசி மண், மிச்சத்தில் டீக்கடைக் கப்பும் பாலித்தீன் பையும். அதைத் தாண்டினால் கால்வாயையே காணோம்; மஞ்சள் அடித்த பிளாட் கற்கள்தான். புல வரைபடத்தில் அந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு.

பிளாட் போட்டவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். "இதுல தண்ணி ஓடி யாரு சார் பாத்தா?" என்றார். கூட வந்த பெரியவர் விடவில்லை. "ஏம்ப்பா, பஸ்ஸு வரலைன்னா ரோட்ட உழுது போட்ருவியா?"

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டமே வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு. ஊருணிக்கு வரும் ஒல்லிக் கால்வாய்க்கு வருவாய்த் துறை, ஊராட்சி, சாலைத் துறை என்று மூன்று வாசலில் நிற்க வேண்டும். கருவேலமும் தைலமரமும் தண்ணீரைக் குடிக்கின்றன என்று மேடையில் பேசுவது சுலபம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தைலமரக் காட்டில் மழைநீரை மறித்து வெட்டிய வரப்புகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என் கணக்கில், மரம் குடிப்பதைவிட வழியில் நாம் மறிப்பதுதான் அதிகம். வளர்ச்சி என்று வந்த சாலை, மனை, சுற்றுச்சுவர் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். மழைக்கு எது வழி என்பதை அவற்றில் எந்த பிளானிலும் வரையவில்லை.

அந்த ஊரில் உபயதாரரிடம் பேசி நடைபாதை டைல்ஸை நிறுத்தினோம். அந்தக் காசு சாலைக்கடியில் பெட்டிப்பாலத்துக்குப் போகிறது. சாலைத் துறை அனுமதி வந்துவிட்டது. மனைக்காரர் ஓரமாக மூன்றடி விடுகிறேன் என்கிறார். வரைபடத்தில் இருப்பது பத்தடி. சர்வேயருக்கு மனு கொடுத்திருக்கிறோம், ஐப்பசிக்கு முன் அளந்தாக வேண்டும்.