அக்கா குடும்பம் இப்போது கிம்பர்லி கடலில்

அக்காவும் அத்தானும் பிள்ளைகள் இருவரோடு புரூமிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கே கிம்பர்லி கரையோரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன் சிக்னல் கிடையாது, சேட்டிலைட் வழியாக வரும் குறுஞ்செய்திதான். மயிலாப்பூரில் அம்மாவுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

அங்கே கடல்மட்டம் 11 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. நம்ம மெரினாவில் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அதனால் கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லும் ஓத அட்டவணைதான் அவர்களுக்குப் பஞ்சாங்கம். தண்ணீர் வடிந்தபின் படகுக்கு அடியில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துதான் அத்தான் நங்கூரச் சங்கிலியை விடுகிறாராம். மான்ட்கோமரி திட்டில் கடல் இறங்க இறங்க, பவளத்திட்டு மேலே எழும்பி, அதன் ஓரமெல்லாம் அருவி அருவியாகக் கொட்டியதாம். சின்னவள் மூன்று செய்திகளில் அதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது!

உப்புநீர் முதலைகள் இருப்பதால் எவ்வளவு வெக்கையானாலும் யாரும் கடலில் இறங்குவதில்லை. படகோரம் காலைத் தொங்கப்போடவும் தடை. அதுதான் சரி.

“நல்ல தண்ணிக்கு என்னடி பண்றீங்க?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி படகிலேயே இருக்கிறது, பாத்திரம் கழுவ மட்டும் உப்புத் தண்ணீர்.

நவம்பரில் அங்கே புயல் காலம் தொடங்கும். அதற்குள் டார்வின் போய்ச் சேர்ந்துவிடுங்கள் அக்கா. அதுவரை அம்மாவுக்கு தினம் ஒரு வரியாவது அனுப்பு.