பெண்டிகோ: டிராகனும் வவ்வாலும் 28 டாலர் டாக்ஸியும்

நேத்து ராத்திரிதான் பெண்டிகோல இருந்து வந்து சேந்தோம், சூடு ஆறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். மெல்பர்ன்ல இருந்து 150 கிலோமீட்டர், ரயில்ல ரெண்டு மணி நேரம், போக வர ஆளுக்கு 11 டாலர் சொச்சம்தான். இவ்ளோ மலிவான்னு பூரிச்சுப் போய் இறங்கினா, மிச்சம் புடிச்சத பூரா ஸ்டேஷன் வாசல்லயே ஒரு டாக்ஸிக்காரர் வாங்கிக்கிட்டாரு. ஜாஸ் ஹவுஸ்ங்கற சீனக் கோயிலுக்குப் போகணும்னோம், மனுஷன் ஊரையே பிரதட்சணம் பண்ணி 28 டாலர்னாரு. "ஏங்க, மீட்டரப் பாக்கலையா நீங்க"ன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரரு கதீட்ரல் கோபுரத்த பாத்துட்டு இருந்தாராம்! 1800கள் கடைசில கட்ட ஆரம்பிச்ச சர்ச், கோபுரத்த 1977லதான் முடிச்சாங்க. அவ்ளோ நாள் நின்னது நாங்க காசு குடுக்கற வரைக்கும் நிக்காதா.

கடுப்போட இறங்கினேன், ஆனா கோயிலப் பாத்ததும் வாய மூடிட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, சின்னதுதான். தங்கம் தோண்ட வந்த சீனர்கள் 1870 வாக்குல கையாலயே செங்கல் அறுத்துக் கட்டினது, வெளிய பூரா பளிச்னு செவப்பு பெயிண்ட். கிட்டப் போய் பாத்தா ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இல்ல, ஒண்ணு கோணல், ஒண்ணு மூலை மழுங்கினது. உள்ள குவான் டி, போர்வீரனா இருந்து சாமியானவர். பக்கத்துல முன்னோர்களக் கும்பிட ஒரு அறை, கோயிலப் பாத்துக்கறவர் தங்க இன்னொரு அறை.

இந்த மனுஷங்க எப்படி வந்து சேந்தாங்கன்றதுதான் என்னைப் போட்டு உலுக்கிருச்சு. 1851ல இங்க தங்கம் கெடைச்சுது, உலகமே ஓடி வந்துச்சு. 1855ல இந்த ஊர் இருக்கற விக்டோரியா மாகாணத்து அரசாங்கம் கப்பல்ல வர்ற ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டுருச்சு, சீனருக்கு மட்டும். அதனால கப்பல்காரங்க பக்கத்து மாகாணமான தெற்கு ஆஸ்திரேலியால ரோப்ங்கற துறைமுகத்துல இறக்கி விட்டுருவாங்க, அங்கேருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் மூட்டைய தோள்ல போட்டுட்டு நடை. அப்படி இறங்கினவங்க 16,000 பேருக்கு மேல! வெள்ளக்கார தொழிலாளிங்களையும் சும்மா விடல, தங்கம் கெடைச்சாலும் கெடைக்காட்டியும் மாசம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணும். 1853ல தொப்பில செவப்பு ரிப்பன் கட்டிக்கிட்டு கட்ட மாட்டோம்னு நின்னாங்க. ஆக, வந்தவங்ககிட்ட காசு புடுங்கறது இந்த ஊர்ல நேத்து ஆரம்பிச்ச பழக்கம் இல்ல, என் 28 டாலர் அந்தக் கணக்குல சேருது.

இத சொல்லிட்டு இருக்கும்போதே டிங் டிங்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கோயில் கிட்டயே டிராம் வந்து நிக்குது! 1972ல சர்வீஸ நிறுத்தினப்ப ஊர்க்காரங்க விடாம சண்டை போட்டு டூரிஸ்ட் டிராமா காப்பாத்தி வெச்சது, ஒரு டிக்கெட் எடுத்தா எங்க வேணா ஏறி இறங்கிக்கலாம். ஸ்டேஷன்ல எவனாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?

அடுத்து டிராகன் மியூசியம். டிக்கெட் விலைய பாத்து ஒரு நிமிஷம் யோசிச்சேன், யோசிச்சிருக்கவே வேணாம். லூங்னு ஒரு பழைய டிராகன், ஆளுங்க தூக்கிப் புடிச்சு ஆடற நீளமான துணி பொம்மை, 1901 ஊர்வலத்துலயே ஆடினது, பட்டுத்துணில செதில் செதிலா தெச்சு கண்ணாடித் துண்டு வெச்சிருக்காங்க, நிறம் மங்கினாலும் முகம் இன்னும் முறைக்குது. அதுக்கப்புறம் வந்த சன் லூங் கிட்டத்தட்ட 100 மீட்டர், இப்ப ஆடறது 2019ல வந்த டாய் கம் லூங், 125 மீட்டர். எதுக்கு இவ்ளோ ஆட்டம்னா, ஊர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட நடந்த ஈஸ்டர் திருவிழால சீனர்களும் சேந்துக்கிட்டாங்க, அந்தப் பழக்கம் இன்னிக்கும் நிக்கல. கால வெச்சதுக்கே வரி போட்ட ஊரோட ஆஸ்பத்திரிக்கு!

மதியச் சாப்பாட்டுக்கு செலவு பண்ணக்கூடாதுன்னு எலுமிச்சை சாதமும் உருளைக்கெழங்கு வறுவலும் கட்டிட்டுப் போயிருந்தேன். ரோசலிண்ட் பார்க்ல நல்ல நிழலா மரம் பாத்து உக்காந்தோம். மேல தொங்கறது காய்னு நெனச்சேன், காய் ரெக்கைய விரிச்சுது. நூத்துக்கணக்குல பழந்தின்னி வவ்வால்! இவரோட சட்டைல ஒரு சொட்டு, டப்பா மூடில ஒரு சொட்டு. சாதம் தப்பிச்சுது, அது போதும்.

கடைசியா சென்ட்ரல் டெபோரா தங்கச் சுரங்கம், 1939ல இருந்து 1954 வரைக்கும் ஓடினது, மொத்த ஆழம் 412 மீட்டர். நாங்க எடுத்தது குறைஞ்ச விலை டிக்கெட், 61 மீட்டர்தான் எறக்குவாங்க. அதுவே எனக்கு ஜாஸ்தி. லைட்ட அணைச்சாங்க, என் கை எனக்குத் தெரியல. அப்புறம் பாறை தொளைக்கற மிஷினக் காட்டினாங்க, தண்ணி ஊத்தாம தொளைச்ச காலத்துல அந்தத் தூசி நெஞ்சுல படிஞ்சு எத்தனையோ பேர் சின்ன வயசுலயே போய்ட்டாங்களாம், மிஷினுக்கு அவங்களே வெச்ச பேரு 'தாலியறுக்கறவன்'ங்கற அர்த்தத்துல. இவரு அதுக்கப்புறம் மேல வர்ற வரைக்கும் வாயே தொறக்கல.

ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தோம். வாசல்ல அதே டாக்ஸிக்காரர், கைய ஆட்டி எங்க போகணும்னு கேக்கறாரு. இவரு ரொம்ப மரியாதையா நோ தேங்க்ஸ்னாரு, நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல.