நீதிபதி மொட்லியிடம் கேட்கப்பட்ட கேள்வி

தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி நீதிபதியானால் தோட்டத் தொழிலாளரின் வழக்கை அவளால் நடுநிலையோடு விசாரிக்க முடியுமா என்று இலங்கையின் மலையக நகரான அட்டனில் நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். சட்டம் படிக்கச் சென்றிருக்கும் என் மாணவி ஒருத்தியைப் பற்றிய பேச்சில் எழுந்த கேள்வி அது. இதே கேள்விக்கு 1975 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நீதிபதி கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மொட்லி தம் கட்டளையொன்றில் விடையெழுதிவிட்டார்.

மொட்லி 1921 இல் நியூஹேவன் நகரில் பிறந்தார். பெற்றோர் கரீபியன் தீவான நீவிஸிலிருந்து குடியேறியவர்கள். தந்தை யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமையற்காரர். உயர்கல்விக்கு வீட்டில் வசதியில்லை. ஒரு கூட்டத்தில் மொட்லி பேசியதைக் கேட்ட செல்வந்தர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டதால்தான் அவர் 1946 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். பின்னர் கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளில் சட்டத்தரணியாக உச்ச நீதிமன்றத்தில் பத்து வழக்குகளை வாதிட்டு ஒன்பதில் வென்றார். 1966 இல் ஜனாதிபதி ஜோன்சன் அவரை நியூயோர்க்கின் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தபோது, மிசிசிப்பி செனட்டர் ஈஸ்ட்லண்ட் அந்த நியமனத்தை ஏழு மாதங்கள் இழுத்தடித்தார். அதையும் தாண்டி, சமஷ்டி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்ணாக மொட்லி பதவியேற்றார்.

1975 இல், பெண்களுக்குப் பாகுபாடு காட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெரிய சட்ட நிறுவனமொன்றின் வழக்கு அவரிடம் வந்தது. அவர் பெண், கறுப்பினத்தவர், உரிமை வழக்குகளில் வாதாடியவர். ஆகவே வழக்கிலிருந்து விலக வேண்டுமென நிறுவனத்தின் தரப்பு கேட்டது. அவர் மறுத்தார். இனமும் பாலினமும் கடந்தகாலத் தொழிலும் விலகுவதற்குப் போதிய காரணங்கள் என்றால், அந்த நீதிமன்றத்தின் எந்த நீதிபதியாலும் இவ்வழக்கை விசாரிக்க முடியாது. ஏனெனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாலினமும் ஒரு பின்னணியும் உண்டு என்பதே அவர் சொன்னதன் சாரம். வெள்ளையின ஆண் நீதிபதியிடம் யாரும் கேட்காத கேள்வி அது என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்பது, தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குத் தவணை நாளில் போனவர்களுக்குப் புரியும். சேவைக்காலப் பணத்துக்காக வழக்காடும் அம்மா, தவணைத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, சிங்களத்தில் கூப்பிடப்படும் தன் பெயர் காதில் விழுகிறதா என்று வாசலில் காத்திருக்கிறார். உள்ளே பேசப்படுவதை மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் அறிகிறார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட எங்கள் மலையகத் தோட்டச் சமூகம் நீதிபதி இருக்கைக்குப் பிந்தி வந்ததில் வியப்பில்லை. அந்த அம்மாவின் சொல்லை நேரடியாக விளங்கிக்கொள்ளும் நீதிபதியைப் பக்கச்சார்புடையவர் என்று முன்கூட்டியே சந்தேகிப்பது அநீதி.

அந்தச் சந்தேகம் தவறு என்பதற்கு மொட்லியின் தீர்ப்புகளும் சான்று. பெண் பத்திரிகையாளரும் நியூயோர்க்கின் யாங்கி பேஸ்போல் அரங்கில் வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் ஆண் பத்திரிகையாளரைப் போலச் சென்று செய்தி சேகரிக்கலாம் என 1978 இல் தீர்ப்பளித்தவர் அவர்தான். 2005 இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்த அவரிடம், பாகுபாடு என்று முறையிட்டு வந்த எல்லோரும் வென்றுவிடவில்லை. சாட்சியம் போதாதபோது அவர்களும் தோற்றார்கள்.