துப்பாக்கிக்கும் காந்தத்துக்கும் ஆகவே ஆகாது

முதுகு வலின்னு எம்.ஆர்.ஐ எடுக்கப் போனேன், பெரிய காந்தத்த வெச்சு உடம்புக்குள்ள படம் எடுக்குற ஸ்கேன். உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் நீட்டுனாங்க, பேஸ்மேக்கர் இருக்கா, உடம்புல பிளேட் வெச்சிருக்கா, கண்ணுல எப்பவாச்சும் இரும்புத்தூள் போச்சானு வரிசையா கேள்வி. சாவி, பெல்ட், சில்லறை எல்லாத்தையும் ஒரு டிரேல போட்டுட்டு, துப்பாக்கி இருக்கானு மட்டும்தான் இவங்க கேக்கலனு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தா அதையும் கேக்குற இடம் இருக்கு!

2023 ஜூன்ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஒரு அம்மா, ஆயுதம் எதுவும் இல்லனு சொல்லிட்டு கைத்துப்பாக்கியோட ஸ்கேன் ரூமுக்குள்ள போயிருக்காங்க, அது தானா வெடிச்சு அவங்க பின்பக்கத்துலயே குண்டு பாஞ்சிருக்கு. நல்லவேளை, சின்ன காயத்தோட போச்சு. அதே வருஷம் ஜனவரியில பிரேசில்ல சாவ் பாவ்லோவுல அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க கூட போன ஒரு வக்கீலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, அவர் வெச்சிருந்த துப்பாக்கியே வெடிச்சு வயித்துல குண்டு பட்டு மூணு வாரம் கழிச்சு செத்தே போயிட்டாரு.

ஆனா எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா பட்டது 2000ல நியூயார்க் மாகாணத்துல ரோசெஸ்டர்ல நடந்தது. டூட்டில இல்லாத ஒரு போலீஸ்காரர் ஸ்கேனுக்கு வர்றாரு, டெக்னீஷியன் சொன்னத தப்பா புரிஞ்சுக்கிட்டு .45 பிஸ்டலோட உள்ள போயிட்டாரு, மெஷின்லேர்ந்து மூணு அடி தள்ளி ஒரு அலமாரி மேல வைக்கலாம்னு கைய நீட்டுறாரு, அவ்ளோதான், கையிலேர்ந்து பிடுங்கிட்டு போய் மெஷின்ல டமார்னு ஒட்டிக்கிச்சு, ஒட்டுன அடியில ஒரு குண்டு வெடிச்சு சுவத்துல போய் இறங்கிருச்சு. யாருக்கும் அடி இல்ல. இத்தனைக்கும் சேஃப்டி லாக் போட்டுத்தான் இருந்துச்சாம்! குண்ட தட்டி வெடிக்க வைக்குற ஊசி, அதான் ஃபயரிங் பின், முன்னாடி போகாம தடுக்குற குட்டி பிளாக் ஒண்ணு உள்ள இருக்கும், அதையே காந்தம் தூக்கி விட்டுருச்சுன்றாங்க. இன்னொரு விஷயம், ஸ்கேன் ஓடலன்னாலும் அந்த காந்தம் எப்பவும் ஆன்லதான் இருக்கும். இழுத்துப் பாத்தும் துப்பாக்கி வரவே இல்ல, கடைசில காந்தத்தோட பவரையே இறக்கித்தான் எடுத்தாங்க.

சரி அது பழைய மாடல், இப்ப வர்ற ஸ்மார்ட் கன் எல்லாம் வேற மாதிரின்னு நினைப்போம்ல. ஜெர்மன் கம்பெனி அர்மாட்டிக்ஸ் ஐபி1னு ஒண்ணு விட்டாங்க, கூட கொடுக்குற வாட்ச் பக்கத்துல இருந்தாத்தான் சுடும், திருடன் கையில கிடைச்சாலும் வெறும் இரும்புதான்னு பெருமை பேசுனாங்க. 2017ல ஒரு ஹேக்கர் கோடு எல்லாம் கூட உடைக்கல, 15 டாலருக்கு காந்தம் வாங்கி பக்கத்துல வெச்சான், உள்ள பூட்டா இருந்த இரும்புத்துண்டு நகந்துருச்சு, துப்பாக்கி சுட்டுருச்சு. பின்ன, அந்தப் பூட்ட திறக்க அவங்களே உள்ள வெச்சிருந்தது ஒரு மின்காந்தம்தானே 😂 வெளியிலேர்ந்து இழுத்தா வராதா? இப்ப பயோஃபயர்னு கைரேகை, முகம் பாத்து திறக்குற பிஸ்டல் வந்திருக்கு. முதல்ல யாராச்சும் அது பக்கத்துல ஒரு நல்ல காந்தத்த வெச்சுப் பாருங்கப்பா.

காந்தத்தையே துப்பாக்கியாக்கப் பாத்த கதையும் இருக்கு. ரெயில்கன், வெடிமருந்தே கிடையாது, ரெண்டு தண்டவாளத்துல கரண்ட்ட விட்டு வர்ற காந்த விசையில குண்ட தள்ளுறது. வேகம் என்னவோ பயங்கரம்தான், ஆனா ஒவ்வொரு தடவ சுடறப்பவும் அந்தத் தண்டவாளமே தேஞ்சு போகுது. அமெரிக்க நேவி வருஷக்கணக்குல செலவு பண்ணிப் பாத்துட்டு 2021ல மூட்ட கட்டிட்டாங்க, ஜப்பான்காரங்க விடாம 2023ல கப்பல்ல வெச்சு கடல்ல சுட்டே காட்டிட்டாங்க.

என் முதுகு ரிப்போர்ட் நார்மல். பெல்ட்ட மட்டும் அந்த டிரேலயே விட்டுட்டு வந்துட்டேன்.